லூக்கா 18இல் தொடங்குங்கள்: தாழ்மையும் ஒப்புக்கொடுத்தலும், புதியவர்களுக்கு

நீங்கள் ஞானஸ்நானம் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. அல்லது இன்னும் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பின்வாங்கிலில் இருந்துவிட்டுப் போகிறீர்கள். எப்படியிருந்தாலும் இரண்டு புத்திமதிகள் இதற்குள் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள்: "உங்களைத் தாழ்த்துங்கோ", "எல்லாத்தையும் ஆண்டவரிட்ட ஒப்புக்கொடுங்கோ." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் அதே கடன், அதே வேலிச்சண்டை, பேசாமல் முகத்தைத் திருப்பும் அதே மச்சாள். எதை ஒப்புக்கொடுப்பது, எப்படி, எத்தனை மணிக்கு?

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இருக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபை, ஒரு வீட்டு விறாந்தையில் கூடும் சிறு சபை, எதுவானாலும் பொருந்தும். புத்தகப் பெயர்கள் கொஞ்சம் மாறும். ஒரு பக்கம் சங்கீதம் என்பதை மறுபக்கம் திருப்பாடல் என்பார்கள், அவ்வளவுதான். லூக்கா எல்லாரிடமும் லூக்காதான்.

ஏன் இந்த அதிகாரம்

புதிதாக வருகிறவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் களைத்து நின்றுவிடுவது வழமை. தாழ்மை பழக வேண்டும் என்று வருகிறவருக்கு நான் லூக்கா 18ஐத்தான் கொடுப்பேன். 43 வசனங்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்து முடிக்கலாம். அதில் அடுத்தடுத்து வருகிறவர்களைப் பாருங்கள்: நீதி கேட்டு நீதிபதியை விடாமல் தொந்தரவு பண்ணும் விதவை, ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன பரிசேயனும் (சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன்) ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன், சனம் வெறுத்த ஆள்), இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள், ஒரேயொரு விசயத்தை விட முடியாமல் துக்கத்தோடு திரும்பிப் போன பணக்காரன், எரிகோ வழியில் சத்தம் போட்டுக் கூப்பிட்ட பார்வையற்றவர். முதல் ஆளையும் கடைசி ஆளையும் கவனியுங்கள். இரண்டு பேரும் சத்தம் போடுகிறவர்கள். தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் இந்த அதிகாரம் அதை ஒத்துக்கொள்ளாது.

பரிசேயனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை. கிழமையில் இரண்டு தரம் உபவாசம் இருந்தான், வருமானம் எல்லாவற்றிலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று, கொடுத்தான். அவனுடைய ஜெபம் தொடங்குவதும் ஸ்தோத்திரத்தோடுதான். நம்முடைய சாட்சிகளும் அப்படித்தானே தொடங்குகின்றன? அடுத்த மூச்சிலேயே பக்கத்தில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்த்து, நான் இந்த ஆயக்காரனைப் போல இல்லை என்கிறான். அங்கே கெட்டுப்போகிறது. ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு ஒரே வரி சொல்கிறான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." யாரோடும் தன்னை ஒப்பிடவில்லை. தன்னைவிடப் பெரிய பாவி ஒருவனையும் தேடவில்லை. அந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீண்ட ஜெபம் வராத நாட்களில் அது போதும்.

முதல் படி: காலையில் பத்து நிமிடம், ஒரே ஒரு விசயம்

வீட்டில் மற்றவர்கள் எழும்புவதற்கு முன் ஒரு பாய் போட்டு இருங்கள். முழங்கால் ஏலாதவர்கள் கதிரையில் இருக்கலாம். போனை வேறு அறையில் வையுங்கள். வீடு ஒரே அறை என்றால் போனை அரிசி வாளிக்குப் பின்னால் வையுங்கள், எழும்பிப் போய் எடுக்கிற தூரம் இருந்தால் போதும். நேற்று நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல்லுங்கள். லூக்கா 18இல் ஒரு ஆளின் கதையை மெதுவாக வாசியுங்கள். பிறகு இன்றைக்கு உங்களை அழுத்துகிற ஒன்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள்.

"எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று சொல்வது மிகவும் சுகம். அதில் ஒன்றும் கைவிட்டுப் போகாது. பார்வையற்றவர் இயேசுவைக் கூப்பிட்டபோது அவர் திருப்பிக் கேட்ட கேள்வி, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது. ஆளைப் பார்த்தாலே தெரியும், இருந்தும் கேட்டார். பார்வையற்றவர் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பணக்காரனுக்கும் இயேசு பட்டியல் நீட்டவில்லை, "இன்னும் ஒரு குறைவு உன்னிடத்தில் உண்டு" என்று ஒரு இடத்தில் விரலை வைத்தார். அதனால் நீங்களும் ஒன்றைச் சொல்லுங்கள்: "இன்றைக்கு மகளின் ஏ.எல். பெறுபேறு வருகுது." "பின்னேரம் கடன்காரர் வீட்டுக்கு வருவினம், நான் என்ன சொல்லுறது?" "தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்பேல்லை, எனக்கு அவனில கோவம்." இப்படிச் சொன்னபின் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி, "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அந்த ஒரு விசயத்தை அங்கே வைத்துவிட்டு எழும்புங்கள்.

மத்தியானத்துக்குள் அந்தக் கவலை திரும்பி வரும். வரட்டும். வந்தால் திரும்பவும் ஒரு வரியில் வையுங்கள். திரும்பி வந்ததால் நீங்கள் சரியாக ஒப்புக்கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் கணக்கில் எடுக்க வேண்டாம். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே என்ற தோட்டத்தில் இயேசுவே அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார்.

இரண்டாம் படி: முதலில் கேளுங்கள்

இங்கே பலர் ஒரு படியைத் தாண்டிப் பாய்கிறார்கள். கேட்காமலே, அழாமலே, நேரே "உம்முடைய சித்தம்" என்று முடித்துவிடுவது. கேட்பது விசுவாசக் குறைவு என்ற நினைப்பு. இயேசுவின் அதே கெத்செமனே ஜெபத்தை லூக்கா 22:42இல் பாருங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்பது முதலில் வருகிறது. "என்னுடைய சித்தத்தின்படியல்ல" என்பது அதற்குப் பிறகு. தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பிதாவிடம் ஒளிக்காமல் சொன்னவர்தான் அதைப் பிதாவின் கையில் விட்டார்.

சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று கேட்கும் 13ஐயும், ஒரு வெளிச்சமும் இல்லாமலே முடிகிற 88ஐயும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இதையெல்லாம் தேவனுக்கு முன் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது, சொல்லலாம்.

மூன்றாம் படி: உங்கள் பங்கை நீங்கள் செய்யுங்கள்

ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். குளத்துத் தண்ணீர் வராத மேட்டுப் பக்கங்களில் மழையை நம்பிக் காலபோகம் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? புரட்டாதியில் காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குப் பார்த்திருக்கிறார்கள். மழை அவர்கள் கையில் இல்லை. உழவு அவர்கள் கையில்தான்.

நுண்கடன் எடுத்திருக்கிறீர்களா? அதை ஜெபத்தில் வையுங்கள். வைத்தபின் ஒரு பேனையும் தாளும் எடுத்து, எவ்வளவு எடுத்தது, வட்டி எவ்வளவு, எத்தனை கட்டு மிச்சம் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுப்பதை நிறுத்துங்கள். தன்னால் முடியவில்லை என்று மனிதரிடம் ஒத்துக்கொண்டு உதவி கேட்பதும் தாழ்மைதான். என்னைக் கேட்டால், தேவனிடம் ஒத்துக்கொள்வதைவிட அது கஷ்டம், ஏனென்றால் தேவன் ஊருக்குள் போய்ச் சொல்லமாட்டார்.

மருந்து விசயத்தில் வளைத்துப் பேச விரும்பவில்லை. சீனி வருத்தம், பிரசர், வலிப்பு, மனநோய், எதற்கு ஆஸ்பத்திரியில் குளிசை தந்திருந்தாலும் ஜெபித்தபின்னும் குடியுங்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். குளிசையை எறிந்தால்தான் விசுவாசம் என்று ஒரு ஊழியக்காரர் சொன்னால் அவர் பிழை. பவுல் தன் கூட்டாளி லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் 38 வைத்தியரை மதிக்கும்படி நேராகவே சொல்கிறது.

நான்காம் படி: இரவில் ஒரு கொப்பி

16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி இஞ்ஞாசியார் பழக்கிவிட்ட ஆன்ம சோதனை இன்றைக்கும் உதவுகிறது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன என்று பார்ப்பது. ஐந்து நிமிடத்து வேலை.

பிள்ளைகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்கள் போதும். ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். "நான் பெருமைக்காரி" என்று எழுதினால் அதில் ஒன்றும் பிடிபடாது. "மாதர் சங்கக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாமல் விட்டதால் பின்னேரம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தேன்" என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தால் ஒரே பெயர், ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பணக்காரனுக்குச் சொன்ன அந்த ஒரு குறைவு உங்களுக்கு எது என்று அங்கே தெரியும். கொப்பியை யாருக்கும் காட்ட வேண்டாம். சபையில் வாசிக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: போய் மன்னிப்புக் கேட்பது

இதுதான் கஷ்டமானது, ஆகவே இதில் கொஞ்ச நேரம் நிற்போம். லூக்கா 18 முடிந்த கையோடு 19இல் சகேயு வருகிறான். அவனும் ஆயக்காரன். 18இல் வந்த ஆயக்காரன் மார்பில் அடித்தான், 19இல் வந்தவன் காசைத் திருப்பிக் கொடுத்தான், நாலத்தனையாக. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, பொதுக்கிணற்றுத் தண்ணீர் விசயத்தில் பக்கத்து வளவு அக்காவை அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் ஏசிவிட்டீர்கள் என்று வைப்போம். ஆலயத்தில் அழுது ஜெபித்தாயிற்று. ஆனால் அந்த அக்கா உங்கள் ஆலயத்தில் இருக்கவில்லை, அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே நடந்து போக வேண்டும்.

பின்னேரம், அவர் சமைத்து முடித்து முற்றத்தில் ஆறியிருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். வேலிக்கு மேலால் கத்தவேண்டாம், படலையால் உள்ளே போங்கள். சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டும் போகவேண்டாம். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்:

"அக்கா, போன கிழமை தண்ணி விசயத்தில பிள்ளையளுக்கு முன்னால உங்களை ஏசிப்போட்டன். அது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அதோடு நிறுத்துங்கள். "நான் ஏதும் பிழை செய்திருந்தால்" என்று தொடங்கினால் அது மன்னிப்பில் சேராது. "ஆனா நீங்களும்" என்று ஒரு சொல் வந்தால் வந்த வேலை கெட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் ஏசியிருந்தால் பிள்ளைகளுக்கு முன்னால்தான் மன்னிப்பும். வாளியை உடைத்திருந்தால் வாளி வாங்கிக் கொடுங்கள். வேலிக் கதியாலைத் தள்ளி நட்டிருந்தால் பழைய இடத்தில் நடுங்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வாயால் கேட்கிற மன்னிப்பை வன்னிச் சனம் நம்பாது, நம்பவும் தேவையில்லை.

அக்கா என்ன செய்வார்? ஒருவேளை தேத்தண்ணி தருவார். ஒருவேளை "இப்பதான் ஞாபகம் வந்ததோ" என்று கேட்பார். இரண்டுக்கும் தயாராகப் போங்கள். அவர் மன்னிப்பது அவர் நேரம். நீங்கள் போனதையும் அவர் சொன்னதையும் அடுத்த ஞாயிறு சாட்சியாகச் சொல்லாதீர்கள். அது அவருடைய கதையும்தான்.

ஆறாம் படி: தெரியாத வேலை, கட்டையான சாட்சி

ஆராதனை முடிந்து எல்லாரும் கதைத்துக்கொண்டு நிற்கும்போது குசினியில் கேத்திலும் கோப்பைகளும் குவிந்து கிடக்கும். அங்கே போங்கள். புதியவர் என்பதால் "நீங்கள் இருங்கோ" என்பார்கள், இருக்காதீர்கள். கிழமைக்கு ஒரு வேலை, பெயர் வராத வேலையாகப் பார்த்து எடுங்கள்: மலசலகூடத்துக்குத் தண்ணீர் அள்ளி வைப்பது, கதிரை அடுக்குவது, ஏலாத ஒரு அம்மம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவது. யோவான் 13இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவித் துவாயால் துடைக்கிறார், பிரசங்கம் அதற்குப் பிறகுதான்.

பெயர் வராத வேலையில் ஒரு சோதனையும் இருக்கிறது: யாருக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறீர்கள்? யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள்? சாதியை வாசலில் கழற்றி வைத்ததாகச் சொல்லிவிட்டு, கலியாணப் பேச்சு வந்ததும் திரும்ப எடுத்துப் போடுகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த உயர்சாதிக்காரர். 1745இல் ஞானஸ்நானம் எடுத்தபின் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அவர்மேல் கோபம் வர அதுவும் ஒரு காரணம். 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். தாழ்மைக்கு ஒரு தமிழ் உதாரணம் கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். முன்னர் செய்த பாவத்தை விபரமாகச் சொல்லிச் சனத்தை வாய்பிளக்க வைப்பதிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கும். பட்ட கஷ்டத்தில் யார் பெரியவர் என்ற போட்டியும் வேண்டாம். 2009இல் இந்த மண்ணில் நின்ற எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. உபவாசம் இருந்தால் தலை வாரி, முகம் கழுவி, வழமைபோல வெளியே போங்கள், பேஸ்புக்கில் போடவேண்டாம். கர்ப்பிணிகளும் சீனி வருத்தக்காரரும் உபவாசத்தை விட்டு, போனையோ ரீவியையோ ஒரு நாளைக்கு நிறுத்திப் பார்க்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் சைவமாக இருந்தால்

புதியவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. சபையில் காட்டும் பணிவு வீட்டு வாசலைத் தாண்டும்போது காணாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா விளக்கேற்றும்போது முகத்தைச் சுளிப்பது, சாமிப்படத்தைப் பற்றிக் குத்தலாகக் கதைப்பது, நரகத்தைப் பற்றி அப்பாவுக்கு வகுப்பெடுப்பது. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையில், அவர்கள் ஆலயத்துக்கு வந்தால் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. முதல் ஆறு மாதம் ஒன்றும் பிரசங்கிக்காமல் விறகு கொத்திக் கொடுங்கள், தண்ணீர் அள்ளுங்கள், மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செத்தவீடு, அந்தியேட்டி, திவசம் வரும்போது எதில் நிற்கலாம், எதில் நிற்க முடியாது என்பதை உங்கள் போதகரிடமோ சுவாமியிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சபைக்குச் சபை இது மாறும். பிணம் வீட்டில் கிடக்கும்போது அதைப் பேசித் தீர்க்க முடியாது. சடங்கில் பங்கெடுக்காவிட்டாலும் பந்தல் போடவும், கதிரை இறக்கவும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும், இரவில் முழித்திருக்கவும் ஆள் தேவை. அந்த ஆளாக இருங்கள்.

எது தாழ்மை இல்லை

இதைக் கவனமாக வாசியுங்கள், முக்கியமாகப் பெண்கள். அடிக்கிற புருசனுக்கு அடங்கி இருப்பது உங்கள் சிலுவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயேசுவை ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகுதியாய்ப் பேசினேன் என்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் நேராகக் கேட்டார். யோவான் 18:23. பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாக விடுதலை செய்யப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று பவுல் அசையாமல் இருந்தார். அப்போஸ்தலர் 16. அடி, பாலியல் தொல்லை என்றால் பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 இலக்கங்களுக்கு எடுங்கள். பொலிசுக்கு 119. உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மனநல உதவிக்கு 1926. அழைத்தபின் ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே அழையுங்கள், இரண்டும் சரி.

"நான் ஒண்டுக்கும் உதவாதவள்" என்று தன்னைத் தானே மிதிப்பதும் தாழ்மையில் சேராது. அதிலும் முழு நேரமும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சபைத் தலைவர் விசயத்திலும் கண்ணைத் திறந்து வையுங்கள். தனக்குக் கீழ்ப்படிவதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றுதான் என்பவர், இரகசியமாகக் காசு கேட்பவர், வீட்டாரோடு கதைக்கக்கூடாது என்பவர், கேள்வி கேட்டால் சாபம் என்று மிரட்டுபவர், இவர்களில் யாராக இருந்தாலும் எழும்பி வாருங்கள். மேய்ப்பர்கள் ஆளுகிறவர்களாக இருக்கக்கூடாது என்று 1 பேதுரு 5:3 அவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறது.

இன்னொன்று. 2009இல் போர் முடிந்த நேரம் வட்டுவாகலில் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆமியிடம் கொடுத்துவிட்டு, இன்றுவரை ஒரு பதிலும் கிடைக்காத தாய் உங்கள் வாங்கிலிலேயே இருக்கக்கூடும். அவரிடம் போய், ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்துக்கு லூக்கா 18இன் முதல் எட்டு வசனங்களே போதுமான நியாயம். அந்த விதவை நீதிபதியின் வாசலை விடவில்லை. இயேசு அவளை விசுவாசத்துக்கு உதாரணமாகத்தான் காட்டினார். தேவனுக்கு முன் ஆயக்காரனாகவும் அநீதிக்கு முன் விதவையாகவும் ஒரே ஆள் இருக்கலாம். அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இருங்கள், படத்தைக் காட்டினால் பாருங்கள், பெயரைக் கேளுங்கள்.

பின்பற்ற ஆட்கள்

புனித யோசேவாஸ் அடிகளார் 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தபோது கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்தார்கள். அவர் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். வேடம் என்று சொன்னாலும் பசி உண்மையானது, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகக் கையேந்தித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைத் தேடினார். பின்னர் கண்டியில் உளவாளி என்று சந்தேகித்து அடைத்தார்கள். அங்கே அம்மை நோய் பரவியபோது, மற்றவர்கள் விட்டு ஓடிய நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

நம் காலத்தில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரியின் அதிபராக இருந்தவர். கடைசி நாட்கள்வரை வன்னிச் சனத்தோடு நின்றார். 2009 மே 18இல் சரணடையப் போனவர்களோடு தானும் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவரை இங்கே எழுதுவது அழகான முடிவு இருக்கிறது என்பதற்காக இல்லை. ஒப்புக்கொடுத்தால் எல்லாம் நல்லதாக முடியும் என்று உங்களுக்கு யாராவது விற்கப் பார்த்தால் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக.

எவ்வளவு காலம், யாரிடம் கேட்பது

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் தாழ்மைக்கு 12 படிகள் வைத்தார். தேவபயம் முதற்படி. தலை குனிந்த நடை, பார்வை எல்லாம் கடைசிப் படி. நாம் அதைத் தலைகீழாகத் தொடங்குகிறோம்: மெதுவாகக் கதைப்பது, தலையைச் சரிப்பது, வெள்ளைச் சட்டை. அவையெல்லாம் வரும்போது வரட்டும், பழகவேண்டாம்.

சில கிழமைகளில் ஜெபம் காய்ந்து போகும். கொப்பியை விட்டுவிடுவீர்கள். காலபோக வெட்டு நேரத்தில், பரீட்சை நேரத்தில் இது எல்லாருக்கும் நடக்கும். விட்ட நாட்களை எண்ணிக் கடன் கட்டத் தேவையில்லை. அடுத்த நாள் காலையில் ஆயக்காரனின் ஒரு வரியோடு திரும்பத் தொடங்குங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள். உங்களைவிட மூத்த விசுவாசி ஒருவரைப் பாருங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். நன்றாகப் பிரசங்கிப்பவரைத் தேடவேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் யாரைப் பற்றி நல்லதாகக் கதைக்கிறார்களோ அவரைத் தேடுங்கள். மாதம் ஒரு தரம் சந்தித்து, எதை ஒப்புக்கொடுக்க முடியாமல் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனம் இருக்கவே இருக்கிறது. சுவாமியிடமோ போதகரிடமோ ஆறுதலாகக் கதைக்க வேண்டுமென்றால் ஞாயிறு பூசை, ஆராதனை முடிந்த கையோடு போய்ப் பிடிக்காதீர்கள். அந்த நேரம் அவரைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்பார்கள், அடுத்த ஆலயத்துக்கும் ஓடவேண்டியிருக்கும். கிழமை நாளில் முதலே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள், கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு, லூக்கா 18இல் விளங்காத இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு.